கொடுத்த கணக்கும் விளைந்த கணக்கும்

(மன்றத்தின் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பொதுநலத் தொண்டு புரியும் நிறுவனங்கள் தம் தொண்டின் பயனை எவ்வாறு அளக்கின்றன, அளந்ததை மற்றையோருக்கு எவ்வாறு எடுத்துரைக்கின்றன என்பது பற்றிப் பேசும்படி பணிக்கப்பட்டுள்ளேன். பொருள் சற்று வறண்டதுதான். இன்னிசைக் கச்சேரிக்கு முன்னே புள்ளிவிபரம் பேச வருபவனைச் சபையோர் எந்தக் கண்ணோடு நோக்குவர் என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும், ஆண்டறிக்கை என்று ஒன்றை எழுதி வாசிக்கும் சங்கம் எதுவாயினும் இக்கேள்விக்கு ஒரு நாள் முகங்கொடுத்தே ஆகவேண்டும்.

எந்தச் சங்கத்தின் அறிக்கையை எடுத்துப் பார்த்தாலும் அதிலே சில எண்கள் வரிசையாய் நிற்கும். இத்தனை பிள்ளைகளுக்குக் கொப்பிகள் வழங்கினோம். இத்தனை வகுப்புக்கள் நடத்தினோம். இத்தனை குடும்பங்களுக்கு உலருணவு கொடுத்தோம் என்றிருக்கும். இவை பொய்யல்ல. பொருளாளர் பற்றுச்சீட்டுக்களைக் கோவையிலே கட்டி வைத்திருக்கிறார்; கணக்காய்வாளர் கையொப்பமும் இட்டிருக்கிறார். ஆனால் இவை யாவும் நாம் கொடுத்தவற்றின் கணக்கு. கொப்பி பெற்ற பிள்ளை அதிலே என்ன எழுதக் கற்றது என்பது விளைந்ததன் கணக்கு. முதலாவது கணக்கு நம் அலுமாரியிலேயே கிடக்கிறது. இரண்டாவதைத் தேடி வெளியே நடந்து போகவேண்டும். அதனாலே பெரும்பாலான சங்கங்கள் முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதும் அதற்குள் அடங்கிவிட்டதாகக் கொள்கின்றன.

இந்த மயக்கம் சிறிய சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று. கோடிக்கணக்கான பணத்தைக் கையாளுவோரிடத்தும் அது உண்டு என்பதற்குத் தென்னாபிரிக்காவிலே பிறந்த ஒரு தண்ணீர்ப் பம்பியின் வரலாற்றைச் சொல்கிறேன்.

பிள்ளைகள் ஏறிச் சுற்றி விளையாடும் இராட்டினம் ஒன்றை நிலத்தடி நீரை இறைக்கும் பம்பியோடு பொருத்தினார்கள். பிள்ளைகள் சுற்ற, நீர் மேலேயுள்ள தாங்கிக்கு ஏறும். தாங்கியின் பக்கங்களிலே விளம்பரப் பலகைகள். அவற்றின் வாடகையாலே பராமரிப்புச் செலவு. கேட்கும்போதே மனம் மகிழ்கிற யோசனை அல்லவா? 2000 ஆம் ஆண்டிலே உலக வங்கி நடத்திய போட்டியிலே அதற்குப் பரிசும் கிடைத்தது. 2006 இல், ஐக்கிய அமெரிக்காவின் அந்நாளைய ஜனாதிபதியின் பாரியார் லோரா புஷ் அம்மையார் மேடையிலே நின்று 164 இலட்சம் டொலர் உதவியை அறிவித்தார். 2010 ஆம் ஆண்டுக்குள் 4,000 பம்பிகள், அவற்றால் 1 கோடி மக்களுக்கு நல்ல தண்ணீர் என்பது குறிக்கோள்.

இந்த ஒரு கோடி எங்கிருந்து வந்தது? பம்பி ஒன்றுக்கு 2,500 பேர் என்று வைத்து 4,000 ஆல் பெருக்கினால் ஒரு கோடி வரும். பெருக்கலிலே பிழையில்லை. ஆனால் 2009 இல் இலண்டன் கார்டியன் பத்திரிகையிலே எழுதிய ஒருவர் வேறொரு கணக்கைப் போட்டுக் காட்டினார். அதை நாமும் விரல் மடித்துப் போட்டுப் பார்க்கலாம். ஆபத்துக் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய குறைந்த அளவு தண்ணீர் 15 லீற்றர் என்பர். 2,500 பேருக்கு 37,500 லீற்றர். செய்தவர்களே சொன்ன அளவுப்படி கருவி மணிக்கு 1,400 லீற்றர் இறைக்கும். வகுத்துப் பாருங்கள். ஒரு கோடி பேரின் தாகம் தீர வேண்டுமானால் பிள்ளைகள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 27 மணிநேரம் விளையாட வேண்டும்! மொசாம்பிக் நாட்டிலே சில கிராமங்களில் பிள்ளைகள் இல்லாத வேளைகளில் பெண்களே அந்த இராட்டினத்தைக் கையாலே தள்ளிச் சுற்றியதாகச் செய்தியாளர்கள் போய்ப் பார்த்து எழுதினார்கள். முடிவிலே அந்நிறுவனம் தன்னிடம் எஞ்சிய பம்பிகளை வேறொரு தண்ணீர்த் தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்து விலகிற்று.

இங்கே யாரும் வஞ்சகம் செய்ததாக நான் சொல்லவில்லை. நல்ல மனமுடையோர் பம்பிகளை எண்ணினார்கள், மக்களைப் பெருக்கினார்கள். தன் குடத்தை நிரப்ப ஒரு தாய் எவ்வளவு நேரம் நின்றாள் என்பதற்கு அந்த ஒரு கோடியிலே இடமில்லாமற் போய்விட்டது.

இனி, இரண்டாவது கணக்கைத் தேடிப் போனவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். என் பேச்சின் பெரும்பகுதி இவர்களைப் பற்றியதே.

இந்தியாவிலே மும்பை நகரத்துச் சேரிப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் நோக்கத்தோடு 1995 ஆம் ஆண்டிலே 'பிரதம்' என்னும் நிறுவனம் தொடங்கப்பெற்றது. இரசாயனம் கற்பித்த மாதவ் சவான் என்பவரும், சமூகசேவைத் துறையைச் சேர்ந்த பரீதா லாம்பே என்னும் அம்மையாரும் அதன் தோற்றத்துக்குக் காரணர். அந்தந்த அயலிலேயே வாழும், பாடசாலைப் படிப்பை முடித்த இளம்பெண்களைக் கொண்டு, வகுப்பிலே பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து நாளுக்கு இரண்டு மணிநேரம் எழுத்தும் கணக்கும் கற்பித்தார்கள். அப்பெண்களுக்குப் 'பால்சகி', அஃதாவது பிள்ளைகளின் தோழி, என்று பெயர். மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் இம்முயற்சியை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்து, பிள்ளைகள் உண்மையாகவே முன்னேறினார்கள் என்று 2007 இல் எழுதினார்கள்.

2005 ஆம் ஆண்டிலே பிரதம் இன்னொரு காரியத்தைத் தொடங்கிற்று. நாடு முழுவதும் கிராமப் பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று பார்ப்போம் என்று புறப்பட்டது. அந்த அளவீட்டுக்கு ஆங்கிலத்திலே வைத்த பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'அஸர்' என்று வரும். அச்சொல்லுக்கு இந்துஸ்தானியிலே விளைவு, தாக்கம் என்று பொருள். பெயர் வைத்தவர் யாரோ, அவருடைய கெட்டித்தனத்தை மெச்சத்தான் வேண்டும்.

கருவி என்ன தெரியுமா? ஒரே ஒரு தாள். அதிலே நான்கு பகுதி. ஒன்றிலே சில தனி எழுத்துக்கள். ஒன்றிலே எளிய சொற்கள். ஒன்றிலே முதலாம் வகுப்புக்குரிய நான்கு வசனங்கள். ஒன்றிலே இரண்டாம் வகுப்புக்குரிய சிறு கதை. பிள்ளையை அருகே இருத்தி, வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். எந்தப் படிவரை தடையின்றி வாசிக்கிறதோ அந்தப் படி அப்பிள்ளையின் படி. கணக்குக்கும் இவ்வாறே ஒரு தாள் உண்டு. இலக்கத்தை இனங்காண்பதிலே தொடங்கி, கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல் என்று ஏறும்.

இதனைச் செய்வோர் பெரும்பாலும் அந்தந்த மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களும் தொண்டர்களுமே. நம்மைப்போன்ற வயதினர். அவர்கள் பாடசாலைக்குப் போகாமல் வீட்டுக்குப் போகிறார்கள். அதிலே ஒரு நுட்பம் உண்டு. பாடசாலையிலே சோதித்தால் அன்று வந்த பிள்ளைகள் மட்டுமே அகப்படுவர். வராத பிள்ளையும் விலகிய பிள்ளையும், அஃதாவது வாசிக்கத் தெரியாதவராய் இருக்கக்கூடிய பிள்ளைகளே, கணக்கிலிருந்து நழுவிவிடுவர். மேலும், கிராமத்தை நான்கு பகுதியாக்கி, ஒவ்வொன்றிலும் ஐந்தாவது வீடு, ஐந்தாவது வீடு என்று எண்ணி ஐந்து வீடுகளை எடுத்து, மொத்தம் 20 வீடுகளைப் பார்ப்பார்கள். தொண்டரின் விருப்பத்துக்கு விட்டால் அவர் தெருவோரத்துக் கல்வீட்டுக்கே போவார். அங்கேதான் தேநீர் கிடைக்கும்.

இவ்வாறு கிடைத்த விளைவு என்ன? 2024 ஆம் ஆண்டு அளவீட்டிலே 605 மாவட்டங்களின் 17,997 கிராமங்களில் 649,491 பிள்ளைகளைப் பார்த்தார்கள். 6 வயது முதல் 14 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 98 பேர் பாடசாலையிலே பெயர் பதிந்திருந்தனர். கொடுத்த கணக்கு என்று பார்த்தால் மிக உயர்ந்த எண் இது. பாடசாலையும் கொடுத்தாயிற்று, இடமும் கொடுத்தாயிற்று. ஆனால் அரசாங்கப் பாடசாலையிலே ஐந்தாம் வகுப்பிற் படிக்கும் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்கக்கூடியவர் 2018 இல் நூற்றுக்கு 44.2 பேர். பெருந்தொற்றுக் காலத்துப் பாடசாலை மூடலின் பின், 2022 இல் அது 38.5 ஆக இறங்கிற்று. 2024 இல் 44.8 ஆக மீண்டும் ஏறிற்று. ஐந்தாம் வகுப்பிலே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்புக் கதை வசப்படவில்லை. தொடக்கத்திலிருந்தே இந்த இரண்டு எண்களையும் பக்கத்திற் பக்கமாய் வைத்துக் காட்டியதுதான் அஸர் செய்த பெரிய காரியம் என்பது என் கருத்து. கெனியா, தன்சானியா, உகண்டா, பாகிஸ்தான் முதலிய நாடுகளிலும் இம்முறையைப் பின்பற்றித் தாள்கள் வகுத்துக்கொண்டார்கள்.

இதுவரை அளத்தலைப் பற்றிச் சொன்னேன். எடுத்துரைத்தலைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். இங்கேதான் வரலாறு சுவையாகிறது.

உண்மையை மக்களுக்குச் சொல்லிவிட்டால் மக்கள் எழுந்து செயற்படுவர் என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. தன் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்று தாய் தந்தையர் கண்ணாற் கண்டால், பாடசாலைக்குப் போய்க் கேட்க மாட்டார்களா? பிரதமும் அவ்வாறே எதிர்பார்த்தது. ஆனால் அதை நம்பிக்கை என்ற அளவிலே விட்டுவிடாமல், 2005-06 இல் உத்தரப் பிரதேசத்து ஜௌன்பூர் மாவட்டத்திலே ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து சோதித்துப் பார்த்தது.

280 கிராமங்களை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போடுவது போல் நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிலே ஊர்க்கூட்டம் கூட்டி, பாடசாலையை மேற்பார்க்கும் கிராமக் கல்விக் குழுவைப்பற்றியும் மக்களுக்குள்ள உரிமைகளைப்பற்றியும் எடுத்துச் சொன்னார்கள். (அப்படியொரு குழு இருப்பதே பெற்றோரிற் பலருக்குத் தெரியாது; குழுவின் அங்கத்தவர் சிலருக்கே தாம் அங்கத்தவர் என்பது தெரியாதாம்!) இரண்டாம் பிரிவிலே அதனோடு, ஊரவரே தம் பிள்ளைகளைத் தாளைக்கொண்டு சோதித்து ஊருக்கொரு தேர்ச்சி அறிக்கை தயாரிக்கப் பழக்கினார்கள். மூன்றாம் பிரிவிலே இவற்றோடு, ஊர் இளைஞருக்கு வாசிப்புக் கற்பிக்கும் முறையைப் பயிற்றி, பாடசாலை நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தச் செய்தார்கள். நான்காம் பிரிவிலே ஒன்றும் செய்யவில்லை.

ஒன்றும் செய்யாத கிராமம் எதற்கு என்று கேட்பீர்கள். பிள்ளைகள் வளர்கிறவர்கள், நாம் ஒன்றும் செய்யாவிடினும் ஓராண்டிலே கொஞ்சம் கற்றுக்கொள்வார்கள். வயலுக்கு உரம் போட்டவன் அவ்வருடத்து மழையையும் தன் உரத்தின் கணக்கிலே எழுதிக்கொள்ளக் கூடாதல்லவா? மழை மட்டும் பெய்த வயலையும் பார்த்தாற்றான் உரத்தின் பங்கு தெரியும்.

முடிவு வந்தது. கூட்டம் கூட்டிச் சொன்ன ஊர்களிலும், தேர்ச்சி அறிக்கை தயாரித்த ஊர்களிலும், ஒன்றும் செய்யாத ஊர்களைவிடப் பெற்றோர் அதிகமாய்ப் பாடசாலைக்குப் போகவில்லை, ஆசிரியர் மாறவில்லை, பிள்ளைகளின் வாசிப்பும் உயரவில்லை. எண்களைச் சொன்னார்கள், மக்கள் கேட்டார்கள், கலைந்து போனார்கள்.

மூன்றாம் பிரிவிலே மட்டும் வேறு விதம். இளைஞர் முன்வந்தார்கள், கற்பித்தார்கள். தொடக்கத்தில் ஒன்றுமே வாசிக்கத் தெரியாமலிருந்து முகாமுக்கு வந்த பிள்ளை, ஒன்றும் செய்யாத ஊரிலுள்ள அதே நிலைப் பிள்ளையைவிட எழுத்துக்களை இனங்கண்டு வாசிக்கும் வாய்ப்பு 60 சதவீதப் புள்ளிகள் கூடுதலாயிருந்தது. எவ்வளவு பெரிய வெற்றி! ஆனால் அந்த ஊர்களின் பிள்ளைகளில் முகாமுக்கு வந்தவர் நூற்றுக்கு 8 பேர் மட்டுமே. வாசிக்கவே தெரியாத பிள்ளைகளில் வந்தவர் நூற்றுக்கு 13 பேர். ஊர் முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் உயர்வு மிகச் சிறிது.

இவ்விடத்திலே சற்று நிற்போம். நீங்கள் அந்நிறுவனத்தின் காரியதரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டறிக்கை எழுதவேண்டும். நன்கொடையாளர் காத்திருக்கிறார்கள். 60 என்ற எண்ணும் கையிலே இருக்கிறது. 8 என்ற எண்ணும் கையிலே இருக்கிறது. இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் அச்சிட்டால் யாரும் உங்களைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. நூற்றுக்குத் தொண்ணூறு அறிக்கைகள் எந்த எண்ணை அச்சிடும் என்று நான் ஊகிப்பதை இச்சபையிலே சொல்லத் தேவையில்லை.

இரண்டையும் வெளியிட்டார்கள். கூட்டங்கள் பயன்படவில்லை என்பதையும் சேர்த்து வெளியிட்டார்கள். 2010 இல் வந்த அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களுள் பிரதம் நிறுவனத்து ருக்மிணி பானர்ஜி அம்மையாரும் ஒருவர். தம் வேலையின் குறையைத் தம் பெயரையும் இட்டு அச்சேற்றுவது எளிய காரியமன்று. அதனால் அவர்கள் கெட்டுப்போகவுமில்லை. 60 என்ற எண், கற்பிக்கும் முறை சரி என்று சொல்லிற்று. 8 என்ற எண், இடமும் நேரமும் சரியில்லை என்று சொல்லிற்று. ஆகவே பிற்பாடு அம்முறையைப் பாடசாலை நாளுக்குள்ளேயே கொண்டுபோனார்கள். ஹரியானாவிலே 2012-13 இல் அரசாங்க ஆசிரியரே நாளுக்கு ஒரு மணிநேரம், வகுப்பைப் பாராமல் வாசிக்கும் படியைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பித்தார்கள். உத்தரப் பிரதேசத்திலே 2013-14 இல் பாடசாலைக்குள்ளேயே பத்துப் பத்து நாளாக முகாம்கள் நடத்தினார்கள். இரண்டிடத்தும் பிள்ளைகளின் வாசிப்பு உயர்ந்தது. இவ்வாராய்ச்சிகளிலே பங்குகொண்ட அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ ஆகிய இருவரும் மைக்கேல் கிரேமர் என்பவரோடு சேர்ந்து 2019 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

எண்களை விட்டுக் கதைகளைச் சொன்னால் என்ன என்று ஒரு கேள்வி எழும். கதைக்குத்தான் வலிமை அதிகம். போல் சுலோவிக் என்னும் உளவியலாளரும் அவருடைய தோழர் இருவரும் 2007 இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. சிலருக்கு ஆளுக்கு 5 டொலர் கொடுத்து, ஆபிரிக்கப் பஞ்சத்துக்கு அதிலே எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். மாலி நாட்டு ரொக்கியா என்னும் ஏழு வயதுச் சிறுமியின் படத்தையும் கதையையும் கண்டவர்கள் சராசரி 2.38 டொலர் கொடுத்தார்கள். பஞ்சத்தின் புள்ளிவிபரத்தை மட்டும் வாசித்தவர்கள் 1.14 டொலர். இரண்டையும் சேர்த்துக் கண்டவர்கள் 1.43 டொலர். பார்த்தீர்களா? எண் தான் வந்ததோடல்லாமல், சிறுமிக்குக் கிடைக்கவிருந்ததையும் குறைத்துவிட்டது.

இதைக் கண்டு, எண்ணை மறைத்துச் சிறுமியை மட்டும் காட்டு என்று ஆலோசனை சொல்வோர் இருக்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. கதை சொல்லட்டும், ஆனால் எந்தப் பிள்ளையின் கதை? நூறு பிள்ளைகளிலே முதலாவதாக வந்த பிள்ளையின் படத்தை அட்டையிலே போட்டால் வாசிப்பவர் நூறு பேரும் அப்படியே என்று எண்ணிக்கொள்வார். நடுவிலே நிற்கிற பிள்ளையின் கதையைச் சொன்னால் எண்ணும் கதையும் ஒன்றையொன்று கெடுக்கமாட்டா. அதோடு, உதவி பெற்ற பிள்ளையின் முகத்தை ஊரெல்லாம் காட்டுமுன் அப்பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தார்களா என்று கேட்பதும் மரியாதை.

நான் மிஷன் பாடசாலையிலே படித்தவன். பரிசளிப்பு விழாவிலே அதிபர் அறிக்கை வாசிக்கும்போது, இத்தனை பேர் தோற்றினர், இத்தனை பேர் சித்தியடைந்தனர் என்று இரண்டையும் ஒரே மூச்சிலே வாசிப்பார். அந்தத் 'தோற்றினர்' என்ற சொல் எவ்வளவு பெரிய சொல் என்பது ஜௌன்பூரைப்பற்றி வாசித்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

பெரியோர் சிலர் ஐயுறக்கூடும்: செய்த தருமத்தை அளந்து சொல்லிக்காட்டுவது அழகா என்று. தம் சொந்தக் கைப்பொருளைக் கொடுப்பவர் சொல்லாமலிருப்பது பெருமைதான். சங்கம் கொடுப்பதோ பிறருடைய சந்தாப்பணம். அதற்குக் கணக்குக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. இன்னொரு தடையும் உண்டு. அளப்பதற்கும் செலவாகும். அச்செலவு நிருவாகச் செலவு என்ற நிரலிலே போய் விழும். நன்கொடையாளர் அந்த நிரலைப் பார்த்து முகஞ்சுழிப்பர். தொண்டு நிறுவனங்களைத் தரம் பார்த்துச் சொல்லும் அமெரிக்க நிறுவனங்கள் மூன்று 2013 இல் ஒன்றுகூடி, நிருவாகச் செலவின் வீதத்தை மட்டும் கொண்டு ஒரு சங்கத்தை மதிக்காதீர்கள் என்று நன்கொடையாளருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதவேண்டி வந்தது.

நம்மைப்போன்ற மன்றத்துக்கு 280 கிராமங்களும் வேண்டாம், ஆராய்ச்சியாளரும் வேண்டாம். மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு தாள் போதும். தை மாதத்திலே ஒருமுறை, கார்த்திகையிலே ஒருமுறை, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே இருத்தி வாசிக்கக் கேட்டு ஒரு கொப்பியிலே படியைக் குறித்துக்கொள்ளலாம். இடையிலே நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயரை வெட்டாமல் அப்படியே வைத்து, அவர்கள் வீட்டுக்கும் ஒருவர் போய்வரவேண்டும். நமக்கு ஒன்றும் செய்யாத கிராமம் இல்லாதபடியால், வந்த உயர்வு முழுவதும் நம் வகுப்பாலேதான் என்று அறிக்கையிலே எழுத முடியாது. எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் நிலைத்தனர், எத்தனை பேர் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு வந்தனர் என்று எழுதலாம். தாளுக்கு வேண்டிய சொற்களையும் சிறு கதையையும் தெரிந்து தருவதற்கு ஆரம்ப வகுப்பு ஆசிரியர் இருவர் வேண்டும். வீடு வீடாய்ப் போய்வர நம் உறுப்பினர் ஆறு பேர் வேண்டும். விருப்பமுள்ளோர் இன்று கச்சேரி தொடங்குமுன் காரியதரிசி அவர்களிடம் பெயரைக் கொடுக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.